அழும்போது மட்டும் மூச்சு விட்டவன்

என் மகன் நீலம் பாரித்த நாளில் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேரும் அவன் அழக் கூடாது என்பதில் குறியாக இருந்தார்கள். அவன் அழுதுகொண்டே இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது அப்போது யாருக்கும் தெரியாது. தெரியாதது குற்றமில்லை. ஆனால் எல்லாம் தெரிந்த மாதிரி பேசினார்களே, அதைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் ஆளாளுக்கு விசாரிக்க வந்தார்கள். விசாரிப்பு என்ற பெயரில் வேடிக்கை பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டு, குழந்தையின் கண்ணை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனி யாராவது கேட்டால் இதை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவதாக உத்தேசம்.

நான் தேவி. பிறந்தது திருப்பாலைவனத்தில், நெல் விளைவிக்கிற குடும்பம். பொன்னேரியில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, தண்ணீரில் விழுந்த போனைத் தூக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப ஒருவர் வந்தார். கடைசித் தடவை அதை அவரே ஏரியில் போட்டிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அவர்தான் என் வீட்டுக்காரர் ஏழுமலை, பழவேற்காட்டு ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்து மீனவர். சாதி விட்டுச் செய்துகொண்ட கல்யாணம். என் மாமியார் வசந்தா அன்றிலிருந்து என்னை "மேட்டுக்காரி" என்றுதான், ஏரி தெரியாத மேட்டு நிலத்தவள் என்ற அர்த்தத்தில், குறிப்பிடுவார், நான் பக்கத்தில் நின்றாலும்.

இந்தக் கதை புரிய வேண்டுமென்றால் எங்கள் ஏரியில் இருக்கிற பாடு முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறால் நன்றாக விழுகிற இடங்கள் ஏரியில் சிலதான். எல்லோரும் ஒரே இடத்தில் வலை கட்டினால் மண்டைதான் உடையும். அதனால் ஊர் கூடிச் சீட்டு எடுப்பார்கள். எந்த இடம், எந்த நாள், யார் முறை என்று சீட்டு சொல்கிறபடி கரையில் நின்று கூவுவார்கள். அதுதான் பாடு. எல்லோர் வீட்டிலும் வலை இருக்கும், படகு இருக்கும், ஆனால் அன்றைக்கு யார் முறையோ அவர்தான் இறங்குவார். சீட்டு எங்கே விழுந்தாலும் வாய் திறக்கக் கூடாது என்பது கட்டுப்பாடு. நெல் வயல்காரியான எனக்கு இது ஆம்பளைகளின் சூதாட்டம் மாதிரித்தான் தெரிந்தது.

சீட்டு எடுக்கிற நாளில் என் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆண் வாசல் தாண்டுகிற நேரத்தில் உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கக் கூடாது. கேட்டால் சீட்டு மோசமான இடத்துக்கு விழுமாம். பெரியவர்கள் குடித்துவிட்டுப் போடுகிற கூச்சல் கேட்டால் ஒன்றுமில்லை, பச்சைக் குழந்தை அழுதால்தான் ஏரிக்கே ஆகாதாம்.

பிரசவம் முடிந்து குழந்தையோடு நான் வீடு வந்து சேர்ந்த மறுநாளே சீட்டு நாள். பிறந்த ஆஸ்பத்திரியில், "சளி கட்டியிருக்கு, சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பால் குடிக்கும்போது மூச்சு முட்டுகிறதே என்று கேட்டதற்கு, "மொதக் கொழந்தையா? அப்படித்தான் பயமா இருக்கும்" என்று பதில். பயம் எனக்கு, அலட்சியம் அவர்களுக்கு. மருத்துவம் இப்படித்தான் பிரித்துக்கொள்ளப்படுகிறது.

அன்று காலையில் என் வீட்டுக்காரர் சட்டை மாட்டும்போது பிள்ளை வீறிட்டான். மாமியார் ஓடி வந்தார்.

"வாயில கொடுடி, வாயில கொடு! அவன் சீட்டுக்கு வெளிய போற நேரத்துல இன்னா இது ஓலம்?"

நான் கொடுத்தேன். பிள்ளை திமிறினான். மாமியார் அவன் பின்னந்தலையைப் பிடித்து என் மார்போடு சேர்த்து அழுத்தினார். சத்தம் நின்றது. ஏழுமலை வாசல் தாண்டிப் போனார். குனிந்து பார்க்கிறேன், பிள்ளையின் உதட்டைச் சுற்றி நாவல்பழம் தின்ற மாதிரி இருக்கிறது. பதறி விலக்கினேன். வாய் திறந்து அழுதான், நிறம் திரும்பியது. மாமியார் விரலில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வாயில் வைத்தார். சத்தம் நின்றது, மறுபடி நீலம்.

"தோஷம்டி. மந்திரிக்கணும்" என்றார்.

மந்திரிக்கிறவர் எங்கே என்றால், அவரும் சீட்டு எடுக்கப் போயிருக்கிறார். இதற்கு நான் சிரிப்பதா அழுவதா? பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். என்னதான் திட்டினாலும் மாமியாரும் செருப்புகூடப் போடாமல் பின்னால் ஏறிக்கொண்டார். பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் பார்த்த உடனே ஆம்புலன்ஸ் வைத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள்.

ஆம்புலன்ஸில் இருந்த நர்ஸ் பெண்தான் முதன்முதலில் கண்டுபிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே வந்தவள், "அக்கா, அழுறப்போ நல்லா இருக்கான். அழுகை நின்னாத்தான் நீலமாவுறான். தூங்க வுடாதீங்க. அழ வைங்க" என்றாள்.

பெற்று ஒரு வாரம்கூட ஆகாத பிள்ளையை அழ வைப்பது எப்படி என்று யாராவது யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளங்காலைச் சுண்டினேன். பத்தவில்லை. கிள்ளினேன். மீஞ்சூர் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவன் கண் செருகியது; அப்போது நன்றாகவே கிள்ளினேன். பக்கத்தில் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு, "படுபாவி, புள்ளைய கிள்றாளே" என்று புலம்பிக்கொண்டு வந்தார். சென்னை வரும் வரைக்கும் நான் கிள்ளினேன், அவன் அழுதான், அவர் என்னைத் திட்டினார். மூன்று பேரும் ஓயவில்லை.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே மெல்லிய ட்யூப் ஒன்றைப் பிள்ளையின் மூக்கில் விட்டுப் பார்த்தார்கள். கொஞ்ச தூரம் போய் இடித்து நின்றது. மூக்கின் பின்பக்கம் தொண்டையில் திறக்க வேண்டிய வழி ஒரு பக்கம் எலும்பால் மூடியிருந்தது, மறு பக்கம் இருந்த நூலளவு வழியையும் சளி அடைத்துவிட்டது. பிறந்த குழந்தைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாதாம். அழும்போது வாய் திறப்பதால் தானாகக் காற்று போகும், அமைதியானால் அடைபடும். பிறந்த அன்றே அந்த ட்யூபை விட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நாவை ஒதுக்கி வாயைத் திறந்தே வைக்க ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தினார்கள். முதல் தடவையாக என் பிள்ளை அழாமல் சிவப்பாக இருந்தான்.

அத்தோடு விடுவார்களா? கண்ணைப் பார்த்தார்கள். கறுப்பு விழி வட்டமாக இல்லாமல் கீழ்ப் பக்கம் நீண்டு, சாவித் துவாரம் மாதிரி இருந்தது. காது மடல் சிறுத்திருந்தது. இதயத்தில், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடவில்லை. காதுக்குள் ஸ்கேன் எடுத்ததில், உடம்பு சாயாமல் நிற்க உதவுகிற அரைவட்டக் குழாய்கள் உருவாகவே இல்லை. கேட்கும் திறனும் குறைவு. ஒவ்வொரு துறைக்காரரும் வந்து ஒரு குறை கண்டுபிடித்துவிட்டுப் போனார்கள். பெரிய டாக்டர் ஒருவர் பின்னாலேயே மாணவர்கள் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்து, என் பிள்ளையின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக் காட்டி, "அழகான கேஸ்" என்றார். மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். என் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"இத்தனையும் சேர்ந்து வந்திருக்கிறதால சார்ஜ் சிண்ட்ரோம்ங்கிற பிறவிக் கோளாறா இருக்கலாம். ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் அனுப்பறோம். அப்பா அம்மா ரத்தமும் வேணும்" என்று சொன்னவர் மரபியல் பிரிவில் இருந்த ஒரு டாக்டரம்மா. அந்த ஆஸ்பத்திரியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசிய ஒரே ஆள். அதற்காகவே அவரை என் ஏச்சுப் பட்டியலிலிருந்து நீக்கி வைத்திருக்கிறேன்.

அப்பா அம்மா ரத்தம் என்றதும் எங்கள் வீட்டில் விழா மாதிரி ஆகிவிட்டது. யார் பக்கத்துக் கோளாறு என்று மெஷினே சொல்லப் போகிறதே. என் நாத்தனார் செல்வி வார்டு வாசலில் நின்று, எனக்குக் கேட்க வேண்டும் என்றே தன் அம்மாவிடம் சொன்னாள்:

"இவுங்க பக்கம்னு வந்துச்சின்னா, புள்ளையோட திருப்பாலைவனத்துலயே இருக்கட்டும்மா. அண்ணனுக்கு அப்பால வேற பொண்ணு பேசிக்கலாம். ரிப்போர்ட்டு வரட்டும்."

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். வலைக்கு முடிச்சுப் போடுகிறவர் மாதிரி செல்போன் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போன் ரிப்பேர் கடையில் பார்த்த ஆள்தானா இவர் என்று அன்று வெறுத்துப்போனேன். ஆக, மூக்குக்கு ஆபரேஷன், எனக்குத் தீர்ப்பு. இரண்டுக்கும் காத்திருந்தோம்.

பார்க்க வந்தவர்கள் தீர்ப்பு வரும்வரை பொறுக்கவில்லை. ஒருத்தி நான் நண்டு தின்றதால் என்றாள். செல்போன் கடையில் வருகிற கதிர்வீச்சு என்றார் ஒருவர், தன் போனில் பேசிக்கொண்டே. சாதி விட்டுக் கட்டினால் இப்படித்தான் என்று ஒரு பெரியவர், ஆறுதல் சொல்கிற குரலில். மாமியாரின் கட்சி கிரகணம். ஏழாம் மாதம் கிரகணத்தன்று வீட்டுக்குள் இருக்கச் சொல்லியும் நான் கடைக்குப் போனேன். "கிரகணம் காதைக் கடிச்சிருக்கு, கண்ணைக் கீறியிருக்கு, பாரு" என்று எதிர்க் கட்டில்காரிக்கெல்லாம் விளக்கம் நடந்தது.

ஆனால் இதையும் எழுதத்தான் வேண்டும். அதே மாமியார் தினமும் விடிவதற்குள் எழுந்து, பால்சுறாப் புட்டு செய்து, பஸ் மாறி மாறி அதைச் சென்னைக்குக் கொண்டு வருவார். பால் ஊறுவதற்கு அதைவிட வேறொன்று கிடையாது. பிள்ளைக்குக் குழாய் வழியாகக் கொடுக்கப் பாலைப் பீய்ச்சி எடுக்க வேண்டியிருந்ததே. பாத்திரத்தைத் திறந்து வைத்து, "துன்னு. உனக்கு இல்ல, அவனுக்கு" என்பார். காவலாளி மீன் வாடை என்று ஒரு நாள் தடுத்தபோது, அவர் போட்ட சத்தத்தில் அந்த ஆள் பாத்திரத்தைத் தானே தூக்கிக்கொண்டு வார்டு வரைக்கும் வந்தான். புட்டு நன்றாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை.

ஆபரேஷன் அன்று, மூக்கு வழியாகவே கேமரா விட்டு எலும்பைக் குடைந்து வழி எடுத்து, அது மூடாமல் இருக்க இரண்டு சின்னக் குழாய்கள் வைத்தார்கள். காத்திருக்கும் கூடத்தில் டி.வி.யில் சமையல் நிகழ்ச்சி ஓடியது. உள்ளே பிள்ளையைக் குடைகிறார்கள், வெளியே பனீர் வதக்குகிறார்கள். காலையிலிருந்து நின்று நின்று எனக்குப் பாதம் வீங்கி வலித்தது. சாகக் கூடாது, சாகக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறெதுவும் ஓடவில்லை. ஏழுமலை என் பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் என் செருப்பைக் கழற்றி, என் பாதத்தை அத்தனை பேர் முன்னாலும் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டார். பேச வேண்டிய இடத்தில் ஊமையாக நின்றவருக்கு இது மட்டும் தெரிந்திருந்தது. காலை இழுத்துக்கொள்ள நினைத்தேன். வலி நன்றாகக் குறைந்ததால் விட்டுவிட்டேன்.

பிள்ளை பிழைத்து வெளியே வந்தான். ரிப்போர்ட் அதற்குச் சில வாரங்கள் கழித்து வந்தது. டாக்டரம்மா எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார்.

"உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் டி.என்.ஏ.ன்னு நீளமான நூல் இருக்கு. அவ்வளவு நீளம் சும்மா அடங்காது. சின்னச் சின்ன உருண்டைகள் மேல சுத்திச் சுத்தி அடுக்கி வெச்சிருக்கு. அந்தச் சுருளுக்குத்தான் குரோமாட்டின்னு பேரு. சுருட்டின இடத்தைப் படிக்க முடியாது. எப்போ எந்த இடம் வேணுமோ, அப்போ அந்த இடத்தைத் தளர்த்தித் திறந்து விடுறதுக்கு ஆளுங்க இருக்காங்க. அதுல ஒரு புரதம் சி.எச்.டி. ஏழு. உங்க பையனுக்கு அதைச் செய்யற ஜீன் ரெண்டுல ஒண்ணு பழுது. அதனால அந்தப் புரதம் பாதி அளவுதான் இருக்கு."

மாமியார் என்னைப் பார்த்தார், இவளுக்காவது புரிகிறதா என்கிற மாதிரி. டாக்டரம்மா ஒரு படம் வரைந்து காட்டினார். கரு உண்டான தொடக்கத்தில் முதுகுப் பக்கம் ஒரு தகடு மடிந்து குழாய் ஆகிறது. அதுதான் பிறகு மூளையும் தண்டுவடமும். அந்த மடிப்பின் ஓரத்திலிருந்து சில செல்கள் புறப்பட்டு, முகம், மூக்கு, இதயம் என்று ஊர் ஊராகப் போய்க் கட்டுமானம் செய்கின்றன. எங்கே போக வேண்டும், போய் என்ன ஆக வேண்டும் என்பதெல்லாம் எந்த இடம் எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்தது. திறக்கிற ஆள் பாதிதான் இருந்தால் சில இடம் நேரத்துக்குத் திறப்பதில்லை.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. புரிந்த விதம்தான் எரிச்சல். பாடு! எல்லா செல்லிலும் எல்லா வலையும் இருக்கிறது. அன்றைக்கு யார் முறை, எந்த இடம் என்று கூப்பிட ஆள் வேண்டும். இரண்டு பேர் கூவ வேண்டிய கரையில் ஒருத்தர்தான் கூவினார். சிலருக்குக் கேட்டது, சிலருக்குக் கேட்கவில்லை. நான் சூதாட்டம் என்று இளக்காரம் செய்ததுதான் என் வயிற்றுக்குள்ளேயே நடந்திருக்கிறது. நான் அதை உரக்கச் சொன்னதும் ஏழுமலை நிமிர்ந்து பார்த்தார். மாமியார், "ஆமா, பாடுதான்" என்று டாக்டரம்மாவுக்கே சான்றிதழ் கொடுத்துவிட்டு, நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அது கெடக்கட்டும். யாரு பக்கத்துலேர்ந்து வந்துச்சி?"

டாக்டரம்மா சொன்னார்: "யார் பக்கமும் இல்லம்மா. அம்மா ரத்தத்துலயும் இல்ல, அப்பா ரத்தத்துலயும் இல்ல. புதுசா இவன்கிட்டத்தான் ஆரம்பிச்சிருக்கு. அடுத்த குழந்தைக்கு வர வாய்ப்பு ரொம்பக் குறைவு."

"கெரகணம்?"

"அந்தத் தகடு மடிஞ்சு குழாய் ஆகறது கரு உண்டான முதல் மாசத்துலம்மா. இவங்களுக்கே கர்ப்பம்னு தெரிஞ்சிருக்காது. ஏழாம் மாசத்துக் கிரகணம் போய்ப் பார்க்கறப்போ எல்லாம் முடிஞ்சு போச்சு."

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பீர்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவர்கள் பக்கம் என்று வர வேண்டும் என்று நான் அத்தனை சாமியையும் வேண்டிக்கொண்டிருந்தேன். செல்வியின் முகத்தில் அந்த ரிப்போர்ட்டை விசிறியடிப்பது எப்படி என்று வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். இப்போது யாரைத் திட்டுவது?

மாமியார் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்போ சீட்டு மாதிரியா? எங்க வீட்டுக்கு வுழுந்துடுச்சி. அவ்ளோதானா?"

"அப்படியே வெச்சுக்கலாம்மா."

"சீட்டுன்னா சரி" என்றார் மாமியார். முகம் தெளிந்துவிட்டது. "சீட்டுக்கு யாரையும் கொற சொல்லக் கூடாது."

இத்தனை நாள் என்னைக் குத்திக் கிழித்தவர், ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துக்கொண்டதைப் பார்த்ததும் எனக்கு உச்சி மண்டைக்கு ஏறியது.

"சீட்டு யார் தப்பும் இல்லன்னா, அன்னைக்கு எதுக்கு அத்தை அவன் தலையப் புடிச்சி அமுக்கினீங்க? அவன் அழுதா சீட்டு மாறிடுமா?"

மாமியார் தன் வலது கையைப் பார்த்தார். அந்தக் கையால்தான் அழுத்தினார். அதைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். ஏழுமலை அப்போதுதான் வாயைத் திறந்தார்: "தேவி எங்கயும் போவாதும்மா. புள்ளயும் நம்மூட்லதான்." கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காத வார்த்தை. பழைய போன் மாதிரி இவருக்கும் சிக்னல் தாமதமாகத்தான் கிடைக்கிறது. கிடைத்தவரைக்கும் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

பிள்ளைக்குத் தர்ஷன் என்று பெயர். மூக்குக் குழாய்களை எடுத்தாயிற்று. காதுக்கு மெஷின் வைத்திருக்கிறோம். இன்னும் தலை சரியாக நிற்கவில்லை. நடக்க நாளாகும், கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் நேராக நிற்கப் பழகுவான் என்கிறார்கள். படகில் நிற்பானா என்று மாமியார் கேட்டதற்கு, டாக்டரம்மா, "முதல்ல தரையில நிக்கட்டும்" என்றார்.

போன வாரம் மறுபடி சீட்டு நாள். ஏழுமலை சட்டை மாட்டுகிற நேரம் பார்த்துத் தர்ஷன் ஆரம்பித்தான். ஊரே கேட்கிற அழுகை. நான் சண்டைக்கு ஆயத்தமாக இடுப்பில் கை வைத்து நின்றேன். மாமியார் எழுந்து வந்தார், பிள்ளையைத் தூக்கினார், வாசற்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். தெருவில் போன ஒருவர், "இன்னாக்கா, சீட்டு நாள்ல?" என்று நின்றார்.

"அழட்டும். நீ போ" என்றார் மாமியார்.

ஏழுமலை அந்த அழுகையைத் தாண்டித்தான் போனார். எங்களுக்கு விழுந்தது நல்ல இடமில்லை. சேறும் பாசியும்தான் வலையில் ஏறும் என்றார்கள். யாராவது பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று மாலை வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. மாமியார் அன்று செய்ததற்கு மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டாலும் நான் கொடுப்பேனா என்பது வேறு விஷயம்.

சாயங்காலம் தர்ஷன் தூங்கிவிட்டான். வாயை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல். அவன் அமைதியாக இருந்தால் எனக்கு இப்போதும் நம்பிக்கை வராது. மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கலாம் என்று தொட்டிலருகே போனேன். மாமியாரின் விரல் ஏற்கெனவே அங்கே இருந்தது. அவர் எடுக்கும்வரை நின்றிருந்து, பிறகு என் விரலை வைத்தேன்.